நீளக்கழி செயின் சா: கொப்பை அறுக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்

ஒத்தக்கடையில் மிஷின் வாடகைக்கு விடும் கடை நடத்துகிறேன். டிரில்லிங் மிஷின், டைல்ஸ் கட்டர், தண்ணீர் இறைக்கும் மோட்டார் இவற்றோடு, நீளக் கழியின் நுனியில் சின்னதாக ஒரு செயின் சா, அதாவது சங்கிலி ரம்பம், பொருத்திய கரண்ட் மிஷினும் வைத்திருக்கிறேன். ஆடிக்காற்று கிளம்பும் முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் இதற்குக் கிராக்கி அதிகம். ஓட்டு மேல் சாய்ந்த வேப்பங்கொப்பு, மொட்டைமாடியில் சருகு கொட்டும் புங்கை, அழகர்கோயில் பக்கம் காய்ப்பு முடிந்த மாந்தோப்பில் கவாத்து என்று ஆளுக்கொரு தேவையோடு வருவார்கள்.

வருகிறவர் எல்லாருக்கும் செயினைக் கண்டுதான் பயம். பயப்பட வேண்டியதுதான். ஆனால் வேலை நடக்கும்போது அந்தச் செயின் உங்களை விட்டு ஏழெட்டு அடி தள்ளி இருக்கிறது. ஆளைக் கொல்லக்கூடிய மற்ற இரண்டும் தலைக்கு மேலே இருக்கின்றன. ஒன்று கரண்ட் கம்பி, இன்னொன்று அறுபட்டு விழுகிற கொப்பு. அதனால் மிஷினை எடுத்து வைக்கும் முன்பே நான் கேட்பது, "மரத்துக்குப் பக்கத்துல கம்பி போகுதா?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் வரும்வரை பில் போடுவதில்லை. சிலரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். வருத்தப்பட்டுத்தான் போனார்கள். அந்த வருத்தம் பரவாயில்லை.

கம்பி இருந்தால்

"அங்கிட்டுத் தள்ளித்தான் போகுதுக்கா" என்பார்கள். எவ்வளவு தள்ளி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த வகை மிஷினோடு வரும் கையேடுகள் பலவற்றில் 15 மீட்டர் என்று போட்டிருக்கும். அதாவது 50 அடி. "நம்ம தெருவுல 50 அடிக்குக் கம்பி இல்லாத மரம் எங்க இருக்கு?" என்று கேட்டால், அந்த மரத்துக்கு இந்த மிஷின் ஆகாது என்பதுதான் என் பதில். கழியே 3 மீட்டர் வரை நீளும். அதன் நுனியில் அறுபடும் கொப்பு இன்னும் 2 மீட்டர் இருக்கும். அது எந்தப் பக்கம் திரும்பி விழும், விழும்போது கழியை எங்கே தட்டிவிடும், அந்த நேரம் உங்கள் கால் எங்கே தடுமாறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த 50 அடி.

கடையில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை இங்கேயே உடைத்துவிடுகிறேன். மிஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம். மிஷினுக்கு உள்ளே ஏதாவது பழுதானால் கரண்ட் உங்கள் மேல் ஏறாமல் அது காப்பாற்றும். வெளியே இருக்கிற கம்பியில் கழி பட்டால் அதற்கு ஒரு சக்தியும் கிடையாது. கழி அலுமினியம், கரண்ட் அதில் தாராளமாக ஓடும். ஃபைபர் கழி என்றாலும் மேலே படியும் தூசியும் மரப்பாலும் ஈரமும் போதும். கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ட்ரிப்பர் வீட்டில் இருக்கிறது, அது விழுந்துவிடும் என்பார்கள். அது உங்கள் வீட்டு ஒயரை மட்டும்தான் காவல் காக்கும், வீதிக் கம்பியில் நடப்பது அதற்குத் தெரியாது. பேட்டரி மிஷினில் ஒயரே இல்லையே என்பார்கள். மேலே போகும் கம்பிக்கு உங்கள் மிஷின் பேட்டரியா ஒயரா என்பது பொருட்டே இல்லை. 11,000 வோல்ட் லைனைத் தொடவே வேண்டாம், மிக நெருங்கினாலே பாயும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில் வெட்டிக்கொள்கிறோம் என்று சிலர் சாமர்த்தியமாகத் தேதி பார்த்து வருவார்கள். இது எனக்கு மிகவும் கவலை தரும் யோசனை. சொன்ன நேரத்துக்கு முன்பே சப்ளை வரலாம். அக்கம்பக்கத்தில் யாராவது ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ தப்பாக இணைத்திருந்தால், நிறுத்திய லைனிலும் அங்கிருந்து கரண்ட் ஏறும். மின்வாரியத்து ஆட்கள் லைனை எர்த் செய்துவிட்டு ஏறுவது அதற்காகத்தான். நம்மால் அதைச் செய்ய முடியாது. கம்பியை ஒட்டிய கொப்பு என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள், அல்லது அவர்களுடைய புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். வெட்டுவது அவர்கள் வேலை. போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயருக்கும் இதே விதிதான். மேலே உறை இருந்தாலும் வருஷக்கணக்கில் மதுரை வெயில் பட்டு வெடித்துப் போயிருக்கும், கீழே நின்று பார்த்தால் தெரியாது.

கரண்ட் கம்பி இல்லை என்று உறுதியான பிறகும் ஒருமுறை மரத்தைச் சுற்றி வந்து நிதானமாக அண்ணாந்து பாருங்கள். திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் பல்பு ஒயர் இலைக்குள் மறைந்து கிடக்கும். கேபிள் டிவி ஒயரும் இன்டர்நெட் ஒயரும் கொப்போடு கொப்பாகப் பின்னியிருக்கும், கொப்பு விழும்போது இழுத்துக்கொண்டு போய் வேறொரு கம்பி மேல் போடும். ரோட்டோர வேம்பில் விளம்பரத் தகடு அடித்த ஆணி இருக்கும், பட்டால் செயின் பல் போகும். காய்ந்து முறிந்து இன்னொரு கொப்பில் தொங்கிக்கொண்டிருக்கும் துண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். நீங்கள் கீழ்க்கொப்பை அறுக்கும் அதிர்விலேயே அது வந்து விழும். கதண்டுக் கூடு, மலைத்தேன் கூடு இருந்தால் அன்று வேலை இல்லை. மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருந்தால் அந்தக் கொப்பை வேறு பக்கத்திலிருந்து அணுகுங்கள். கழுத்துக்குள் எறும்பு விழுந்தவன் ஓடும் மிஷினைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

மரம் உங்கள் இடத்தில் இல்லாமல் ரோட்டிலோ புறம்போக்கிலோ நின்றால் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எங்கே நிற்பது

கழியை 60 டிகிரிக்கு மேல் நிமிர்த்தக் கூடாது என்பது விதி. தோப்பில் நின்றுகொண்டு யாரும் டிகிரி அளக்கப் போவதில்லை. நான் சொல்லித் தரும் வழி இது: அறுக்கப் போகும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு கல்லைப் போடுங்கள். அந்தக் கல்லில் இருந்து கழி நீளத்தில் பாதியாவது தள்ளி நில்லுங்கள். 3 மீட்டர் கழிக்கு ஒன்றரை மீட்டர். அந்த இடத்தில் நின்று நீட்டினால் கோணம் தானாக அடங்கிவிடும். இடுப்பளவில் பிடித்துக்கொண்டு சுமார் 12 அடி உயரம் வரை எட்டும். அதற்கு மேல் இருக்கிற கொப்புக்கு ஏணி போட்டு ஏறியோ, கைப்பிடிச்சுவர் மேல் நின்றோ, டிராக்டர் டிரெய்லரில் ஏறியோ அறுக்க நினைத்தால் மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். இது தரையில் இரண்டு காலும் ஊன்றி நின்று செய்யும் வேலை. உயரக் கொப்புக்கு மரம் ஏறத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

தள்ளி நின்றால் மட்டும் போதாது. கொப்பு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். பச்சை மரத்தில் 4 அங்குலக் கனமும் 2 மீட்டர் நீளமும் உள்ள துண்டு, குழையையும் சேர்த்தால் 15 கிலோ அளவுக்கு இருக்கும். 12 அடி உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அதுவும் சும்மா விழாது. அடிப்பக்கம் தரையில் குத்தி, எகிறி, உங்கள் பக்கம் சாயும். சில நேரம் கழியின் மேலேயே சறுக்கிக்கொண்டு நேராகக் கைக்கு வரும். அதனால் அறுக்கத் தொடங்கும் முன்பே எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவு செய்து, அந்த வழியில் கிடக்கும் செங்கல், ஓஸ் பைப், கயிற்றுக்கட்டில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பின்னால் பார்க்காமலே நாலு எட்டு வைக்க முடிய வேண்டும்.

தனியாகச் செய்யாதீர்கள். துணைக்கு ஒருவர் வேண்டும். அவர் கொப்பை இழுக்கவோ குழை பொறுக்கவோ கூடாது. 15 மீட்டருக்குள் குழந்தையோ ஆடோ வராமல் பார்ப்பதும், நீங்கள் கவனிக்காததைக் கவனிப்பதும்தான் அவர் வேலை. கிராமத்தில் மரம் வெட்டுகிற சத்தம் கேட்டாலே குழைக்காக ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "மிஷின் நின்ன பெறகு எல்லாத்தையும் அள்ளிக்கங்கத்தா" என்று முதலிலேயே சொல்லி நிறுத்திவைக்க வேண்டும். ஒயர் மிஷின் என்றால் துணை ஆள் பிளக் பக்கத்தில் நிற்கட்டும். "நிறுத்து" என்ற சொல் கேட்டால் காரணம் கேட்காமல் சுவிட்சை விட்டுவிடுவது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

உடையும் ஒயரும்

லுங்கியோடு வருகிறவருக்கு நான் மிஷின் கொடுப்பதில்லை. பேண்ட், மூடிய ஷூ, முழுக்கைச் சட்டை, தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, பிடி வழுக்காத கையுறை. பைக் ஹெல்மெட் போதுமா என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான், ஆனால் அண்ணாந்து பார்க்க விடாது, பக்கத்துச் சத்தமும் கேட்காது. கட்டட வேலைக்குப் போடும் மஞ்சள் ஹெல்மெட் வாங்கி, தாடையில் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கும் வேலை இது, மரத்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் இறங்கும். கழுத்தில் துண்டு வேண்டாம். பெண்கள் அறுப்பதாக இருந்தால் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் வேண்டாம், கூந்தலை முடிந்து ஹெல்மெட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

ஒயர் மிஷினுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள லைனில் இருந்து சப்ளை எடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத மூன்று கோர் ஒயராக இருக்கட்டும். டேபிள் ஃபேனுக்குப் போடும் மெல்லிசு ஒயரை 30 மீட்டருக்கு இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். சுருளாகவே வைத்து ஓட்டினால் ஒயரே சூடாகும், முழுவதும் பிரித்துப் போடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிற ஒயர் வேண்டவே வேண்டாம். ஒயரை உங்கள் முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து, கொப்பு விழும் இடத்துக்கு எதிர்ப்புறம் போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்தாலோ, மரம் ஈரமாக இருந்தாலோ, தூரத்தில் இடி கேட்டாலோ, காற்றில் கொப்பு ஆடினாலோ அன்று வேண்டாம். ஆடி மாதத்தில் அறுத்தே தீர வேண்டும் என்றால் காற்று எழும்பும் முன், விடியற்காலையில் வேலையை முடித்துவிடுங்கள்.

செயின்

செயினைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருப்பது போதாது.

செயின் சுற்றி ஓடும் தட்டையான இரும்புப் பட்டைக்கு 'பார்' என்று பேர். பாரின் மேல் விளிம்பில் ஓடும் பல்லின் கூர்முனை, பாரின் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு, "மிஷின் அறுக்கவே மாட்டேங்குது, புகைதான் வருது" என்று போன் செய்கிறவர்கள் உண்டு. செயின் எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க, கையுறை போட்டுக்கொண்டு பாரின் அடிப்பக்க நடுவில் செயினைக் கீழே இழுத்து விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும், பாரின் பள்ளத்துக்குள் ஓடும் உள்பல் அதை விட்டு முழுசாக வெளியே வரக் கூடாது. அதே நேரம் கையால் தள்ளினால் தடையில்லாமல் ஓட வேண்டும். புதுச் செயின் முதல் அரை மணி நேரத்தில் நன்றாகவே நீளும், நடுவில் நிறுத்தி மறுபடி பாருங்கள். தொளதொளத்த செயின் கழன்று வரும்.

ஆயில் டேங்கில் செயின் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஒர்க்ஷாப்பில் கழித்த கறுப்பு ஆயிலில் மண்ணும் இரும்புத்தூளும் இருக்கும், ஆயில் போகும் துளையை அடைத்துவிடும். ஆயில் வருகிறதா என்று தெரிந்துகொள்ள, ஓடும் பாரின் நுனியை ஒரு அட்டைக்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழும். விழவில்லை என்றால் அறுக்காதீர்கள்.

கூர் இருக்கிறதா என்பதைக் கீழே விழும் தூளைப் பார்த்தே சொல்லலாம். கூரான செயின் சின்னச் சின்னச் சிராயாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவாகக் கொட்டும். மாவைப் பார்த்தவுடன் நிறுத்துங்கள். மழுங்கிய செயினை வைத்து அழுத்தி அறுக்கிற ஆள்தான் கொப்பு அறுபட்ட நொடியில் கழியோடு சேர்ந்து முன்னால் சாய்வான். இந்த மிஷின்களில் வரும் சின்னச் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் வட்ட அரம் சரியாக இருக்கும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு கொடுங்கள்.

அறுக்கும் முறை

பார் 8 அல்லது 10 அங்குலம் என்பதற்காக அந்தக் கனத்துக்கு அறுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 4 அங்குலத்தைத் தாண்டிய கொப்பை இதில் தொடாதீர்கள் என்பது என் பேச்சு. முதலில் கீழ்க்கொப்பு, பிறகு மேல்கொப்பு. கீழே வழி திறந்திருந்தால்தான் மேலே அறுப்பது மாட்டாமல் தரைக்கு வரும். நீளக் கொப்பை ஒரே அறுப்பில் தள்ள நினைக்காமல், நுனியிலிருந்து மூன்றடி மூன்றடியாக உள்ளே வாருங்கள். விழும் துண்டு எப்போதும் உங்களுக்கும் அந்தக் கல்லுக்கும் உள்ள தூரத்தைவிடக் குட்டையாகவே இருக்க வேண்டும்.

கடைசித் துண்டுக்குத்தான் பக்குவம் வேண்டும். வேம்பில் மேலேயிருந்து மட்டும் அறுத்தால், பாதி அறுபட்டதும் எடை தாங்காமல் கொப்பு மடங்கி, அடிப்பட்டையை உரித்துக்கொண்டே கீழே இறங்கும். தண்டில் ஒரு முழத்துக்குச் சதை தெரியும். அந்தக் காயம் ஆறப் பல வருஷம் ஆகும், நடுவில் கரையான் ஏறும். இதைத் தவிர்க்க, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில் கனத்தில் கால்பங்கு மட்டும் முதலில் அறுங்கள். பாரின் மேல் விளிம்பால் அறுப்பதால் மிஷின் உங்களை நோக்கித் தள்ளும், முழங்கையை மடக்கி உறுதியாகப் பிடியுங்கள். கால்பங்குக்கு மேல் போனால் கொப்பின் எடை பாரைக் கவ்விக்கொள்ளும். இரண்டாவது, அந்த வெட்டுக்கு ஓரிரண்டு அங்குலம் வெளியே தள்ளி, மேலேயிருந்து. இப்போது கொப்பு பட்டையைக் கிழிக்காமல் அடிவெட்டு வரை வந்து முறிந்து விழும். மூன்றாவதாக, மிஞ்சிய கட்டையை அறுக்க வேண்டும். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று தெரியும். அதை வெட்டாமல், அதற்கு வெளியே ஒட்டி அறுங்கள். அந்த வளையத்திலிருந்துதான் மரம் புதுப்பட்டை வளர்த்துக் காயத்தை மூடும்.

மரத்தில் வைத்துவிட்டு சுவிட்சை அழுத்தாதீர்கள். செயின் முழு வேகத்துக்கு வந்த பிறகு, மிஷின் தலையின் அடிப்பாகம் கொப்பில் பதியும்படி மெல்ல இறக்குங்கள். அந்தத் தலையின் எடையே அறுக்கும். கை ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம், நீங்கள் வழிகாட்டினால் போதும். பாரின் நுனி வேறொரு கொப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் கழி ஒரு உதறு உதறும். அறுத்து முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்து, கழியின் முழு எடையும் கைக்கு வரப்போகிறது என்று தயாராக இருங்கள். சுவிட்சை விட்ட பிறகும் செயின் சற்று நேரம் ஓடும், நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கழியை இறக்குங்கள்.

பார் மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள். சுவிட்சை விட்டு, பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, தொரட்டியாலோ நீளக் கம்பாலோ கொப்பைப் பக்கவாட்டில் நின்று தூக்கிக் கொடுத்தால் வெட்டு திறக்கும், பார் தானாக வரும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. முருங்கை சொல்லாமல் முறியும். கால்பங்கு அறுக்கும் முன்பே போய்விடும், அதனால் சின்னத் துண்டாகவே எடுங்கள். புளி நேர்மாறு, நார் நாராகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை தொங்கும். தொங்குவதைக் கழியால் இடித்துத் தள்ளாதீர்கள். தென்னை மட்டைக்கு இந்த மிஷினைக் கேட்டு சோழவந்தான் பக்கமிருந்து வருவார்கள். நார் செயினுக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும், மட்டை விழும் வேகமும் சொல்ல முடியாது. அதற்குத் தொரட்டி அரிவாள்தான் தோது. கூரை மேல் தலை வைத்துக் கிடக்கும் கொப்பு இரண்டு பக்கமும் தாங்கி நிற்பது. அதில் மேலேயிருந்து அறுத்தால் பார் மாட்டும், கீழேயிருந்து அறுத்தால் எந்த நேரம் எகிறும் என்று தெரியாது. பழக்கப்பட்ட ஆளிடம் விடுங்கள்.

மிஷின் எடை 4 கிலோதான். ஆனால் கனமெல்லாம் நுனியில் இருப்பதால் கொஞ்ச நேரத்திலேயே தோள் நடுங்கும், கழுத்து பிடிக்கும். பத்து நிமிடம் அறுத்தால் ஐந்து நிமிடம் இறக்கி வையுங்கள். தோளில் மாட்டும் பட்டை கொடுத்திருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு சூரியனைப் பார்த்து அறுக்காதீர்கள், கொப்பும் தெரியாது, கம்பியும் தெரியாது.

கெட்டது நடந்தால்

வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். 108-ஐ அழையுங்கள். மதுரையைச் சுற்றி எங்கே இருந்தாலும் பெரிய காயத்துக்கு அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. காப்பித்தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம்.

வீட்டு ஒயரில் ஷாக் அடித்தால் ஆளைத் தொடும் முன் பிளக்கையோ மெயினையோ நிறுத்துங்கள். கழி வீதிக் கம்பியில் பட்டுவிட்டால் வீட்டு மெயினை நிறுத்திப் பயன் இல்லை. கட்டையோ கயிறோ கொண்டு இழுக்கவும் போகாதீர்கள், காப்பாற்றப் போனவரையும் அது சேர்த்துப் பிடிக்கும். எல்லாரையும் விலக்கி, மின்னகத்துக்குப் பேசி, அவர்கள் லைனை நிறுத்தியதாக உறுதி சொன்ன பிறகே நெருங்க வேண்டும். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் அந்த மண்ணிலும் கரண்ட் இருக்கும். பக்கத்தில் மாட்டிக்கொண்டவர் ஓடாமல், இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வரட்டும்.

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாரின் பள்ளத்தில் அடைந்த தூளைச் சின்ன பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். சூடாக இருக்கும்போது இழுத்துவிட்ட செயினைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ஆறும்போது சுருங்கி பாரை இறுக்கும். உறையை மாட்டி, கழியைச் சுருக்கி, குழந்தை கை எட்டாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். ஆயில் ஒழுகும், கீழே பழைய சாக்கு ஒன்று போட்டுவிடுங்கள்.